வெண்பனியின் ஆழம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கிலே அமைந்துள்ள புத்தூர், செம்மண் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். அவ்வூரைக் கண்டறியாதவரும் அங்குள்ள நிலாவரைக் கிணற்றைப் பற்றிக் கேள்வியுற்றிருப்பர். சுண்ணாம்புக் கற்பாறை உள்ளே கரைந்து, மேற்கூரை இடிந்து வீழ்ந்தமையால் உண்டான இயற்கைக் கேணி அது. இராமபிரான் அம்பெய்து நீர் வருவித்த இடம் அது என்பது ஊரவர் வழங்கும் கதை. அடிகாணாக் கிணறு என்று மக்கள் சொன்னாலும், அதன் ஆழம் ஏறத்தாழ 50 மீற்றர் என அளந்திருக்கின்றனர். அக்கிணற்றின் வியப்பு ஆழத்தில் மட்டும் அடங்கவில்லை. மேலே நிற்பது நன்னீர். கீழே செல்லச் செல்ல உவர்நீர். விளிம்பிலே நின்று நோக்குவோருக்கு எல்லாம் ஒரே நீராகவே தோன்றும். மேற்பரப்பு தன் அடியில் இருப்பதைச் சொல்வதில்லை. புத்தூர்த் தோட்டக்காரர் இவ்வுண்மையை ஏட்டிலே படித்தவரல்லர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நல்ல கிணறும் உவராகிவிடும் என்பதை அநுபவத்தால் அறிந்தவர்.

இத்தகைய ஊர்களிலிருந்து 1980களின் தொடக்கம் முதலாகப் புறப்பட்டுச் சென்றோரின் பிள்ளைகள் பலர், இன்று வேறொரு நீரின்மேல் நடமாடுகின்றனர். அஃது உறைந்த நீர். சுவிற்சர்லாந்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 ஈழத்தமிழர் வாழ்கின்றனர் என்பர். நோர்வேயிலும் கனடாவிலும் வாழ்வோர் அதற்குப் புறம்பு. அந்நாடுகளிலே பிறந்த பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு அயலாருடைய விளையாட்டன்று. சுவிற்சர்லாந்திலே பல பாடசாலைகள் மாணவரைக் குளிர்காலத்தில் மலைக்கு அழைத்துச் சென்று முகாமிட்டுச் சறுக்கப் பழக்குகின்றன. ஊரிலே இருக்கும் பேரனும் பேர்த்தியும் கிணற்றிலே நீந்தப் பழகுவதுபோல, அங்குள்ள பேரனும் பேர்த்தியும் பனியிலே சறுக்கப் பழகுகின்றனர். அவர்கள் அனுப்பும் படங்களைப் புத்தூரிலுள்ள பாட்டனும் பாட்டியும் பார்த்து மகிழ்கின்றனர். நீல வானம், வெண்மலை, அதன்மேல் ஒற்றைக் கோடாய் இறங்கிய ஒரு தடம். அந்தப் படத்தில் அழகு தெரிகின்றது, ஆபத்துத் தெரிவதில்லை.

குடாநாட்டவர் அறிந்த பனி, மார்கழி விடியலிலே புல்நுனியில் துளியாய் நின்று வெயில் ஏறியதும் மறைந்துவிடுவது. குளிர்நாட்டின் பனியோ பஞ்சுபோல் விழுந்து, மாதக்கணக்காக மலைமேல் படிந்து கிடப்பது. அதன்மீது நீண்ட இரு கட்டைகளைக் காலிற் பூட்டிச் சறுக்கும் வழக்கம் நோர்வே முதலிய வடநாடுகளில் மிகப் பழையது. ஒரே அகன்ற பலகையில் இரு கால்களையும் வைத்துச் சறுக்கும் முறை அண்மைக் காலத்தது. 1965ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தந்தை தம் பெண்மக்கள் விளையாடுவதற்காக இரண்டு சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்ததிலிருந்து அது வளர்ந்தது. 1998இல் யப்பானின் நகானோ நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் அதுவும் ஒரு போட்டியாயிற்று.

இவ்விளையாட்டுக்கென்று அமைந்த மலைவிடுதிகளில், சறுக்குவதற்குரிய தடங்கள் கம்பங்களால் குறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பாவிலே எளிய தடம் நீலம், நடுத்தரமானது சிவப்பு, கடினமானது கறுப்பு என்று நிறத்தால் வகுத்திருக்கின்றனர். கம்பங்களுக்கு உட்பட்ட இடத்தைக் காப்பது விடுதியாரின் பொறுப்பு. இரவிலே இயந்திரங்கள் பனியை மிதித்துச் சமப்படுத்துகின்றன. விடியுமுன் காவலர் சென்று, சரிந்து விழக்கூடிய பனியை வெடிவைத்து முன்னரே வீழ்த்துகின்றனர். ஆபத்து நீங்காத தடத்தை மூடிவைக்கின்றனர். கம்பத்தைக் கடந்து ஓர் அடி வைத்தவன் இந்தப் பாதுகாப்பு அனைத்தையும் விட்டு வெளியேறுகின்றான். அங்குள்ள பனியை யாரும் சோதித்ததில்லை. அங்கே மூடுவதற்குக் கதவும் இல்லை.

அப்படியாயின் மக்கள் ஏன் கம்பத்தைக் கடக்கின்றனர்? காரணம் எளிது. தடத்துப் பனி பலர் மிதித்து இறுகியது. அப்பாலுள்ளது யாரும் தொடாதது. புதுப்பனியிலே சறுக்குவோருக்கு மிதப்பதுபோன்ற இன்பம் உண்டாகின்றது. கூட்டம் இல்லை, இரைச்சல் இல்லை. மலையோடு தனித்திருக்கும் அமைதி உண்டு. இந்த இன்பம் பொய்யன்று. பொய்யாவது வேறொன்று: நன்றாகச் சறுக்கத் தெரிந்தவனுக்குப் பனியும் தெரியும் என்ற எண்ணம். சறுக்கும் திறமை காலுக்குரியது. பனியை அறிதல் கண்ணுக்கும் அறிவுக்கும் உரியது. முன்னதில் வல்லவர் பலர் பின்னதில் எழுத்தறியாதவராய் இருக்கின்றனர்.

மலைமேற் கிடக்கும் பனி ஒரே பொருளன்று. நிலாவரை நீர்போல அதுவும் அடுக்கடுக்காய் அமைந்தது. ஒவ்வொரு முறை பனி பொழியும்போதும் ஓர் அடுக்கு உண்டாகின்றது. இடையில் வெயில் எறித்தால் மேற்புறம் உருகி மீண்டும் உறைந்து ஓடுபோலாகும். மேகமற்ற குளிரிரவிலே மேற்பரப்பில் இறகுபோன்ற பனிப்பளிங்குகள் முளைக்கும். பனிப்படை மெல்லியதாயிருந்து குளிர் கடுமையாக நீடித்தால், அடியிலுள்ள பனி தன் பிணைப்பை இழந்து சீனிமணிபோல் உதிரியாகிவிடும். இவ்வாறான நொய்ந்த அடுக்கின்மேல் புதுப்பனி விழுகின்றது. காற்று வேறிடத்திலிருந்து பனியை வாரிக் கொணர்ந்து அதன்மேற் குவிக்கின்றது. மேலே உள்ளது இறுகிப் பாளமாகின்றது. கீழே உள்ளதோ உதிர்மணல்போல் நிற்கின்றது. வெளியே பார்ப்பவனுக்கு எல்லாம் ஒரே வெண்மை.

இந்நிலையில் ஒரு மனிதன் அப்பாளத்தின்மேல் ஏறுகின்றான். அவனுடைய எடை நொய்ந்த அடுக்கை ஓரிடத்தில் உடைக்கின்றது. அந்த உடைவு கணப்பொழுதில் மலைச்சாய்வெங்கும் ஓடுகின்றது. அவனுக்கு மேற்புறத்தில் பாளம் பிளந்து, அவன் நிற்கும் நிலமே நழுவுகின்றது. இதனையே பனிச்சரிவு என்கின்றனர். 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சாய்வுகளிலேதான் இது பெரும்பாலும் நிகழ்கின்றது. சறுக்குவோர் மிக விரும்பும் சாய்வும் அதுவே. மலை தானாகச் சீறி மனிதனை விழுங்குகின்றது என்று பலர் நினைக்கின்றனர். உண்மை அதற்கு மாறானது. இவ்விளையாட்டிலே பனிச்சரிவில் அகப்படுவோருள் பத்துக்கு ஒன்பது பேரளவில், தாமோ தம் கூட்டத்தாரோ கிளப்பிய சரிவிலேயே அகப்படுகின்றனர். இதில் அச்சமும் உண்டு, ஆறுதலும் உண்டு. மனிதன் தொடங்குவதை மனிதன் தவிர்க்கவும் கூடுமன்றோ?

முன்னே சென்றவரின் தடங்கள் சாய்விலே தெரிந்தால் அது பாதுகாப்பான இடம் என்று கருதுவோர் உளர். பாளத்தின் தடிப்பு எங்கும் ஒரே அளவினதன்று. ஒன்பது பேர் தடித்த இடத்தால் தப்பிச் சென்றிருக்கலாம். பத்தாவது ஆள் மெல்லிய இடத்தை மிதிக்கலாம். முன்னவரின் தடம் அவருடைய நற்பேற்றுக்குச் சான்றேயன்றிப் பனியின் உறுதிக்குச் சான்றன்று.

பனிக்குள் அகப்பட்டவனின் நிலை எவ்வாறிருக்கும்? ஓடும்போது ஆறுபோல் ஓடும் பனி, நின்றதும் சீமெந்துபோல் இறுகிவிடுகின்றது. புதையுண்டவன் கையை அசைக்கவும் இயலாது. அவன் விட்ட மூச்சே அவன் முகத்தின்முன் உறைந்து, காற்றை மறைக்கும் திரையாகின்றது. இறப்போரிற் பெரும்பாலார் குளிரினால் இறப்பதில்லை, மூச்சுமுட்டியே இறக்கின்றனர். 1994ஆம் ஆண்டிலே வெளிவந்த ஓர் ஆய்வு, சுவிற்சர்லாந்தின் விபத்துகளைக் கணக்கிட்டு ஓர் உண்மையைக் காட்டிற்று. 15 நிமிடங்களுக்குள் தோண்டியெடுக்கப்பட்டோரில் 100க்கு 92 பேர் பிழைத்தனர். 35 நிமிடங்கள் சென்றபின் அவ்வளவு 100க்கு 30 ஆகத் தாழ்ந்தது. 2024இல் வெளியான புதிய ஆய்வோ, அந்த முதற் காலத்தை 10 நிமிடமாகக் குறைத்துவிட்டது. சுவிற்சர்லாந்தில் 1952இல் தொடங்கிய ரேகா என்னும் வான்மீட்புச் சேவை மிகச் சிறந்தது. ஆயினும் உலங்கு வானூர்தி எவ்வளவு விரைந்து வந்தாலும், 10 நிமிடம் என்பது அதற்கும் அரிய காலம். ஆதலால் புதையுண்டவனைக் காப்பாற்றக்கூடியவர் பெரும்பாலும் அவனோடு உடன்சென்ற தோழரே.

அத்தோழருக்கு உதவுவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். முதலாவது ஒரு சிறிய வானொலிக் கருவி. ஒவ்வொருவரும் அதனை மார்பிலே கட்டிச் செல்கின்றனர். அஃது இடைவிடாது ஒலிக்குறி அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் புதையுண்டால், ஏனையோர் தத்தம் கருவியை ஏற்கும் நிலைக்கு மாற்றி அக்குறியைத் தேடிச் செல்வர். வானொலி நேயர்கள் அறிந்த மத்திய அலைவரிசை ஏறத்தாழ 530 கிலோஹேர்ட்ஸில் தொடங்குகின்றது. இக்கருவி அதற்குச் சற்றுக் கீழே, 457 கிலோஹேர்ட்ஸில் இயங்குகின்றது. எந்த நாட்டுக் கருவியும் மற்றொரு நாட்டுக் கருவியைக் கேட்கவேண்டும் என்பதற்காக இந்த அலைவரிசையை உலகப் பொதுவாக்கினர். இரண்டாவது, பனிக்குள் குத்தி ஆள் கிடக்கும் இடத்தையும் ஆழத்தையும் அறியும் நீண்ட கோல். மூன்றாவது, தோண்டுவதற்குரிய உலோக மண்வெட்டி. இம்மூன்றும் பையிலே இருந்தால் மட்டும் போதாது. கை நடுங்கும் வேளையிலும் பிழையின்றி இயக்கும்படி முன்னரே பலமுறை பழகியிருத்தல் வேண்டும். கருவி இல்லாத ஒருவன் கூட்டத்தில் இருப்பின் அவனைத் தேட முடியாது. அவனால் பிறரைத் தேடவும் முடியாது.

கருவியும் துணையும் இருந்தும் பயன்படாத வேளைகள் உண்டு. 2012ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் நாள், ஒஸ்திரியாவின் லெக் என்னும் ஊரிலே, நெதர்லாந்து அரச குடும்பத்து இளவரசர் பிரிசோ குறிக்கப்பட்ட தடத்துக்கு வெளியே சறுக்கிக்கொண்டிருந்தார். அன்று அறிவித்திருந்த ஆபத்தின் அளவு ஐந்தில் நான்கு. அவ்விடத்தை நன்கறிந்த நண்பர் ஒருவர் உடனிருந்தார். பனிச்சரிவு இளவரசரைப் புதைத்தது. ஏறத்தாழ 25 நிமிடங்களின் பின் அவரை வெளியே எடுத்தனர். உயிர் இருந்தது, உணர்வு மீளவில்லை. 2013 ஓகஸ்ட் 12இல் அவர் காலமானார். பழகிய மலை என்ற நம்பிக்கையும், சிறந்த கருவியும், ஓர் அரச குடும்பத்தின் செல்வமும் அந்த 25 நிமிடங்களைக் குறைக்கவில்லை.

இது நிகழ்ந்து இரு நாள்களில், பெப்ரவரி 19இல், அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்திலே ஸ்ரீவன்ஸ் கணவாய் என்னும் இடத்தில், தேர்ந்த சறுக்குவீரர் பலர் ஒரு பெருங்கூட்டமாகத் தடத்துக்கு அப்பாலுள்ள ஒரு சரிவில் இறங்கினர். பனிச்சரிவில் மூவர் மாண்டனர். கூட்டம் பெரிதாகும்போது ஒவ்வொருவனும் மற்றவன் சிந்தித்திருப்பான் என்று எண்ணிவிடுகின்றான். உள்ளத்தில் எழுந்த ஐயத்தை வெளியிடுவதற்கு நாணுகின்றான். ஒருவன் வாய்திறந்து, திரும்புவோம் என்று சொல்வது சறுக்குவதிலும் கடினமான கலை.

பனிச்சரிவு ஒன்றே ஆபத்தன்று. மோட்டார்ப் பந்தயத்தில் ஏழு முறை உலக வெற்றிவீரரான மைக்கேல் சூமாக்கர், 2013 டிசெம்பர் 29இல், பிரான்சின் மெரிபெல் மலையிலே, குறிக்கப்பட்ட இரு தடங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் பனியின் கீழிருந்த பாறையால் விபத்துக்குள்ளாகித் தலையிற் கடுங்காயம் அடைந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தும் அத்துயர் நேர்ந்தது. அவர் தொலைதூர மலைக்குச் சென்றவரல்லர்; தடத்துக்கு மிக அண்மையிலேயே இருந்தார். கனடாவின் மேற்கு மலைகளிலே, பெருமரங்களின் அடியில் பனி இறுகாமற் குழியாய் நிற்கும். அதிலே தலைகீழாய் விழுந்தவன் தானே எழமுடியாமல் மூச்சடங்குவதுண்டு. பனியாற்றின்மேல் சறுக்குவோருக்கு, மெல்லிய பனிப்போர்வை மூடிய ஆழ்ந்த வெடிப்புகள் காத்திருக்கின்றன.

தூர தேசங்களை விடுத்து அண்டை நாட்டை நோக்கினாலும் இவ்வுண்மை விளங்கும். காஷ்மீரத்தின் குல்மார்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீற்றர் உயரத்திலுள்ள புல்வெளி. அங்கிருந்து அபர்வாட் மலைக்குச் செல்லும் கம்பிவட ஊர்தியின் முதற்பகுதி 1998இலும், இரண்டாம் பகுதி 2005இலும் இயங்கத் தொடங்கின. மேற்றளம் 3,900 மீற்றருக்கும் மேற்பட்டது. முன்பு பல மணிநேரம் ஏறி அடையவேண்டிய உயரத்தை இன்று சில நிமிடங்களில் அடைகின்றனர். ஏறும் உழைப்புக் குறைந்தது. இறங்கும் பனியின் இயல்பு மாறவில்லை. மலையேறிச் சென்றவன் வழிநெடுகப் பனியை மிதித்து, பார்த்து, கேட்டு ஓரளவு அறிந்துகொண்டான். ஊர்தியிற் சென்றவனுக்கு அந்தப் பாடம் கிட்டுவதில்லை.

அக்குல்மார்க்கிலேதான் இந்திய இராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பாடசாலையும் உளது. பனிமலையிலே வாழவும் நடமாடவும் கற்பிப்பதே அதன் தொழில். அப்பாடசாலையில் பயின்ற படைவீரரை 2010 பெப்ரவரி 8ஆம் நாள் பனிச்சரிவு தாக்கியது. 17 பேர் உயிரிழந்தனர். 2023 பெப்ரவரி முதலாம் நாள் அபர்வாட் சாரலில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர். 19 பேர் மீட்கப்பட்டனர். அடுத்த ஆண்டு, அதே மாதத்தில், மற்றுமொரு வெளிநாட்டுச் சறுக்குவீரர் அங்கே உயிரிழந்தார். பயிற்சி வேண்டியதே. ஆயினும் பயிற்சி பெற்றவனைப் பார்த்துப் பனி தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை.

இவ்வளவும் கேட்டபின், இவ்விளையாட்டை முற்றாக விலக்கிவிடலாமே என்று நேயர் எண்ணலாம். அலைகடலுக்கு அஞ்சி வலைவீசுவதை விட்டவர் குடாநாட்டிலே இல்லை. அவர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்து சென்றனர். அறிந்து கரையிலும் தங்கினர். பனிநாட்டவரும் அவ்வாறே செய்கின்றனர். சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள பனி ஆராய்ச்சி நிலையம், 1945 முதலாகப் பனிச்சரிவு அறிக்கையை வெளியிட்டு வருகின்றது. இன்று குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு, நான்கு மொழிகளில் அது வெளிவருகின்றது. ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டுக் காட்டும் அளவு, 1993 முதல் ஐரோப்பாவிற் பொதுவாக வழங்குகின்றது. எந்தத் திசைநோக்கிய சாய்வில், எந்த உயரத்துக்கு மேல் ஆபத்து மிகுதி என்பதையும் அவ்வறிக்கை விளக்குகின்றது.

இதிலே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஐந்தாம் அளவு அறிவிக்கப்படும் நாளில் யாரும் வெளியே செல்லார். உயிரிழப்புகளில் ஏறத்தாழப் பாதி நேர்வது மூன்றாம் அளவு அறிவிக்கப்படும் நாள்களிலேயே. மூன்று என்பது ஐந்தின் நடு என்று மனம் கணக்கிடுகின்றது. நடுத்தர ஆபத்தென்று தன்னைத் தேற்றிக்கொள்கின்றது. மூன்றாம் அளவின் பொருளோ, செங்குத்தான சாய்வுகள் பலவற்றில் ஒரே மனிதனின் எடை பனிச்சரிவைக் கிளப்பிவிடக்கூடும் என்பது. சுவிற்சர்லாந்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 20 பேருக்கு மேல் பனிச்சரிவில் இறக்கின்றனர். அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர், காவலுக்குட்பட்ட தடத்துக்கும் வீதிக்கும் வெளியே இறந்தவர்கள்.

திருவள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசனுக்குச் சொன்ன அவ்வரிசை பனிமலைக்குச் செல்பவனுக்கும் பொருந்துகின்றது. செய்யத் தொடங்குமுன் அறிக்கையைப் படித்து ஆராய்தல் தெரிந்துசெயல்வகை. தன் ஆற்றலையும், துணைவரின் ஆற்றலையும், பனிப்பாளம் தாங்கும் எடையையும் அறிதல் வலியறிதல். மயிற்பீலியும் அளவு கடந்தால் வண்டியின் அச்சை முறிக்கும் என்று அவர் காட்டிய உவமைக்கு, இறகினும் மெல்லிய பனி குவிந்து தன் அடியடுக்கை நொறுக்குவதைவிடச் சிறந்த காட்சி வேறில்லை. பெரும்பனி பொழிந்த மறுநாளும், வெயில் ஏறிய நண்பகலும் ஆகாத வேளைகள் என்று தங்கியிருத்தல் காலமறிதல். 30 பாகைக்குக் குறைந்த சாய்வைத் தெரிந்தெடுப்பதும், அதற்கு மேற்பட்ட சாய்வின் கீழே நிற்காதிருப்பதும் இடனறிதல்.

புத்தூரிலே இருக்கும் பெற்றோருக்கும் பேரருக்கும் இதிலே ஒரு பணி உண்டு. தொலைபேசியில் அழைக்கும் பிள்ளையை, போகாதே என்று தடுத்தல் எளிது. அதனால் விளையும் பயன் சிறிது. விவரம் அறியாதவர் விதிக்கும் தடையை இளையோர் மதிப்பதில்லை. தம் உலகத்தை அறிந்து கேட்கும் கேள்விக்கோ அவர்கள் மறுமொழி சொல்லாமல் இரார். இன்று அறிக்கையில் எத்தனையாம் எண்? உன்னுடன் வருவோர் யார்? அவர்கள் எல்லாரிடமும் கருவியும் கோலும் மண்வெட்டியும் உண்டா? அவற்றை இறுதியாகப் பழகிப் பார்த்தது எப்போது? எந்தச் சாய்வால் இறங்குகின்றீர்கள்? யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் எல்லாரும் திரும்புவீர்களா?

இக்கேள்விகளைக் கேட்பதற்குப் பனியை ஒருமுறையேனும் கண்டிருக்க வேண்டியதில்லை. கிணற்றடியிலே வளர்ந்த எவருக்கும் அவை இயல்பாக வரக்கூடியவை. அவற்றுள் கடைசிக் கேள்விக்கு ஆம் என்று உறுதியாக விடைசொல்லும் கூட்டத்தோடு செல்லும் பிள்ளையைப் பற்றி வீட்டார் சற்று ஆறுதல் கொள்ளலாம். தயங்கும் கூட்டமாயின், கம்பங்களுக்கு உட்பட்ட தடமே அன்றைக்கு அவர்களுக்குப் போதுமானது.